குங்குமப்பூ இல்லைங்க, குரோக்கஸ்

செத்த செடிகளுக்குக் காவல் இருப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. சம்பளப் பட்டியலில் அதற்கு டெமான்ஸ்ட்ரேட்டர் என்று பெயர். எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஒரு கல்லூரியில், தாவரவியல் துறையின் ஒரு மூலையில், ஹெர்பேரியம் என்று பலகை மாட்டிய ஒற்றை அறை. செடியை வேரோடு எடுத்து, நியூஸ் பேப்பருக்குள் விரித்து, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். காய்ந்ததும் கெட்டித் தாளில் ஒட்டி, எந்த ஊர், எந்த மாதம், என்ன மண் என்று எழுதி பீரோவில் அடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நம் பேரன் பேத்திகள் எடுத்துப் பார்க்கும்போதும் செடி அப்படியே இருக்கும்.

கேட்டால் சாதுவான வேலை மாதிரி இருக்கும். லைப்ரரியிலும் மியூசியத்திலும் லேபிலும் "தொடாதீங்க, தொடாதீங்க" என்று சொல்லியே தொண்டை வறண்டவர்களுக்கு மட்டும் தெரியும், அது எவ்வளவு படபடப்பான வேலை என்று. இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் அனுதாபத்தோடு படித்தால் போதும்.

எங்கள் துறைத் தலைவர் வேதமூர்த்தி சார் அதிகம் பேசாதவர். ஒரு நாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "குரோக்கஸ் வரப்போகுதும்மா" என்றார். ஐரோப்பாவில் ஒரு தாவரவியல் தோட்டம் எங்களோடு பண்டமாற்றுக்கு ஒத்துக்கொண்டிருந்தது. குரோக்கஸ் என்பது குங்குமப்பூவின் குடும்பம். கடையில் விற்பது பயிர் செய்வது. இது மலையில் தானாக முளைக்கிற அதன் காட்டுச் சொந்தக்காரி. பதிலுக்கு அவர்கள் கேட்டது நம் வேலிகளில் படர்ந்து கிடக்கும் செங்காந்தள். அவர்கள் ஊரில் குரோக்கஸ் மாதிரியே வேஷம் போட்டு ஆளை ஏமாற்றும் விஷப்பூ ஒன்று இருக்கிறதாம். அதற்குள் இருப்பதும் நம் செங்காந்தளுக்குள் இருப்பதும் ஒரே விஷமாம். "பூ, காய், கெழங்கு, எல்லாம் ஒடியாம வேணும்" என்றார் சார். நான் அன்றே பையைக் கட்டிவிட்டேன்.

அரும்பாவூர் வேலியோரம்

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த நாள். அரும்பாவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மலை பக்கமாகப் போகும் வண்டிப்பாதையில் நடந்தேன். வேலி முழுக்க செங்காந்தள். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, இதழெல்லாம் மேலே வளைந்து, முள்வேலிக்கு யாரோ தீ வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. உட்கார்ந்து களைக்கொத்தால் தோண்ட ஆரம்பித்தேன். அதன் கிழங்கு கலப்பை மாதிரி வளைந்து ஆழத்தில் கிடக்கும். நுனி ஒடிந்தால் அவ்வளவு பாடும் வீண். பக்கத்து வெங்காயக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது இதுதான்: தெரியாத ஊர்ப் பெண், தனியாக வந்திருக்கிறாள், தோண்டுவது கண்வலிக் கிழங்கு (செங்காந்தளுக்கு அங்கே அதுதான் பேர்). அந்தக் கிழங்கைத் தின்று உயிரை விட்டவர்கள் சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் உண்டு.

கிழங்கு முழுசாகக் கைக்கு வந்த சந்தோஷத்தில் நான் சிரிக்கவும், பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடிக்கவும் சரியாக இருந்தது. "எந்த ஊரு நீ? பெத்தவங்க இருக்காங்களா இல்லியா?" என்றாள் பிடித்தவள். அவள் பெயர் அஞ்சலை. இன்னொருத்தி கிழங்கைப் பிடுங்கி முந்தானைக்குள் போட்டுக்கொண்டாள். "காலேஜுக்குங்க, காய வைக்கறதுக்கு" என்றேன். "காய வெச்சு இடிச்சுத் திங்கப் போறியா? படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?" என்னை வரப்பில் உட்கார வைத்தார்கள். தூக்குவாளியைத் திறந்து சோறு போட்டு, கூடவே நாலு வெங்காயம் உரித்து வைத்து, தின்னச் சொல்லி மிரட்டினார்கள். தின்றுகொண்டிருக்கும்போதே, "யாரு அவன்? பேரச் சொல்லு, நாங்க பாத்துக்கறோம்" என்று விசாரணை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் தீர்ந்தது கதை என்று சிரித்து வைத்தேன். அதைப் பார்த்ததும் அவர்களுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

கடைசியில் பலகையின் வாரை அவிழ்த்து, முந்தின வாரம் காய வைத்த செடிகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினேன். அஞ்சலை குனிந்து பார்த்தாள். "அப்ப இது எல்லாத்தையும் சாவடிச்சிட்டு நீ நல்லா இருப்ப. அப்புடித்தான?" என்றாள். அப்படித்தான் என்றேன். அரை மனசோடு கிழங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்களே வேலிக்குள் புகுந்து இன்னும் நாலு கிழங்கு, ஒன்றுகூட ஒடியாமல், தோண்டித் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அஞ்சலைக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்து, என்னை ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் சத்தமாகச் சொன்னாள்: "இந்தப் பொண்ண பெரம்பலூர்ல எறக்கி நீங்களே அரியலூர் பஸ்சுல ஏத்தி விடுங்க. கையில கெழங்கு இருக்கு, மனசு சரியில்ல."

பாரின் போகும் ரொட்டி

அந்த வாரம் பிடித்த மழை நிற்கவே இல்லை. ஹெர்பேரியத்தில் சுவரே வியர்த்தது. தினமும் காலையிலும் மாலையிலும் பேப்பரை மாற்றினேன். மாற்றிய பேப்பரும் ஈரம், மாற்ற வைத்திருந்த பேப்பரும் ஈரம். மூன்றாம் நாள் ஒரு பூவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தது. பூ போனால் அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். குரோக்கஸ் அதுவரை எங்களுக்காகக் காத்திருக்குமா? பலகையை பிளாஸ்டிக் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓடினேன். அங்கே ஹனீபா பாயின் பேக்கரி. ஊரிலேயே அன்றைக்கு வெதுவெதுப்பாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கிழங்கு விஷம் என்பதையும் மறைக்கவில்லை. "ரொட்டி பக்கம் வேணாம்மா. மேல பொகக்கூண்டு ஓரத்துல தனியா ஒரு மாடம் இருக்கு, அங்க வெச்சுக்க. அல்லா காப்பாத்துவான்" என்றார். தினமும் கல்லூரி விட்டதும் ஏணியில் ஏறி பேப்பர் மாற்றினேன். நாலே நாளில் சிவப்பு மங்காமல், இலை நுனியின் சுருள்கூடப் பிரியாமல் காய்ந்துவிட்டது. ஏணி உச்சியில் நின்றுகொண்டு நான் கத்திய கத்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். "பாய், அந்தப் பலகைக்குள்ள என்னா ரொட்டி வேவுது?" என்று ஒருவர் கேட்டார். பாய் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது பாரின் போற ரொட்டி. உனக்கு பன்னு போதும்."

மதிப்பு

செங்காந்தள் கப்பலேறிப் போய்ப் பல மாதம் ஆயிற்று. நான் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்க ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் பார்சல் வந்திருக்கிறது, நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும் என்று தகவல் வந்தது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு நானும் சாரும் தபால் ஆபீசுக்கு நடந்தோம். நடந்தோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

பெரிய தட்டையான அட்டைப் பெட்டி. மெட்ராஸில் சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு மறுபடி கட்டி அரக்கு வைத்திருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் மேலே ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும், எங்கள் முகத்தில் வழிந்த சந்தோஷத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காஞ்ச செடி, வியாபார மதிப்பு எதுவும் இல்லன்னு அவங்களே எழுதிட்டாங்களே சார், அப்பறம் எதுக்கு அனுப்பறாங்க?"

நம்ம ஊர்க்காரி

சார் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்துதான் பெட்டியைத் தொட்டார். ஜன்னலைச் சாத்தினோம், ஃபேனை நிறுத்தினோம். ஐந்து தாள்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து குரோக்கஸ். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய கிழங்கு, அதன் மேல் வலை பின்னின மாதிரி நார். தண்டு என்று ஒன்று இல்லவே இல்லை. மண்ணுக்குள்ளிருந்து நேராகப் பூ கிளம்பியிருந்தது. ஊதா நிறம் வெளுத்து பழைய புடவை மாதிரி ஆகியிருந்தது. ஆனால் பூவுக்கு நடுவில் மூன்று இழைகள் (குங்குமப்பூ என்று கடைக்கு வருவது இந்த இழைதான்), ஆரஞ்சும் சிவப்புமாக, நேற்றுப் பறித்ததுபோல் இருந்தன. உயிரோடு அதைப் பார்க்கப்போவதில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, லென்ஸை நான் கேட்கக் கேட்க சார் தரவே இல்லை.

தாளின் அடியில் ஒட்டியிருந்த துண்டைப் படித்தோம். கிரேக்க நாட்டு மலைச்சரிவு. முதல் மழைக்குப் பிறகு பூத்தது. மண் என்ற இடத்துக்கு வந்ததும் சார் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். சுண்ணாம்புக்கல் என்று போட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே சுண்ணாம்புக்கல் ஏற்றின லாரி ஒன்று தெருவையே மறைத்துப் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. அதிர்ந்து பேசாத மனுஷர், மேஜையைத் தட்டிச் சொன்னார்: "அட, இவ நம்ம ஊர்க்காரிம்மா!"

கேட்டு வந்தவர்கள்

காலேஜுக்கு பாரினிலிருந்து குங்குமப்பூ வந்திருக்கிறது என்ற செய்தி எங்களுக்கு முன்னாலேயே டவுனுக்குப் போய்விட்டது. முதலில் வந்தவர் ஹனீபா பாய். கையில் பிஸ்கட் பொட்டலம். மகளுக்கு நிக்காஹ் வைத்திருப்பதாகவும், பிரியாணிக்கு ஒரு சிட்டிகை ஜாஃப்ரான் கிடைத்தால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கௌரவமாக இருக்கும் என்றும் சொன்னார். குங்குமப்பூ இல்லைங்க பாய், குரோக்கஸ், இது காட்டுச் செடி, தாளில் ஒட்டியிருக்கிறது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து போகும்போது ரொம்ப நியாயமாகக் கேட்டார்: "எங்க அடுப்புல வெந்த ரொட்டிக்குப் பதிலா வந்த பூதானம்மா அது, எங்களுக்குப் பங்கு இல்லியா?"

அடுத்து மாமியார்கள் வந்தார்கள். மருமகளுக்கு ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று வராண்டாவில் காத்திருந்தார்கள். பாலில் குங்குமப்பூ போட்டுக் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம். அப்படியெல்லாம் இல்லைங்க என்று நான் ஒவ்வொருவரிடமும் பாடம் நடத்தினேன். குரும்பலூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். எங்கள் வீட்டிலேயே நான்தான் நல்ல கறுப்பு. அவர் என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "உங்கம்மாவுக்கு யாரும் வாங்கிக் குடுக்கல போலருக்கு. அதான் உனக்கு நம்பிக்க வரல."

செய்முறைத் தேர்வு

சார் ஆசைப்பட்டு அந்த வருஷம் செய்முறைத் தேர்வில் ஒரு குரோக்கஸ் தாளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இந்தச் செடியின் சிறப்பு அம்சம் யாது என்பது கேள்வி. பெரும்பாலும் எல்லாரும் பக்கம் பக்கமாகப் புத்தகத்தில் இருந்ததை இறக்கியிருந்தார்கள். ஜெயங்கொண்டம் பக்கத்து மாணவி ஒருத்தி, வீட்டிலேயே முதலில் கல்லூரிக்கு வந்தவள், இரண்டே வரி எழுதியிருந்தாள். சார் அதை எனக்கும், அந்தப் பக்கம் போனவர்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டி முழு மதிப்பெண் போட்டார்: "இந்தப் பூவுக்குத் தண்டு கிடையாது. மழையைப் பார்த்த அவசரத்தில் அப்படியே கிளம்பி வந்துவிட்டது."

மூன்று இழை

கெமிஸ்ட்ரி துறையில் ராமலிங்கம் சார் என்று ஒருவர் இருந்தார். தங்கமான மனுஷர், பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒரு நாள் மதியம் குரோக்கஸைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். வேதியியல்காரருக்குச் செடி மேல் ஆசை வந்ததே என்று எனக்குப் பெருமை. தாள்களை மேஜையில் விரித்து வைத்துவிட்டு, ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று போனேன். திரும்பி வந்தபோது அவர் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். தாள்களை பீரோவில் அடுக்கும்போதுதான் பார்த்தேன். ஒரு பூவின் நடு வெறுமையாக இருந்தது. மூன்று இழையும் இல்லை. இதழ் கிழியாமல், இடுக்கியால் அழகாக எடுத்திருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அது ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. அவர் மனைவிக்கு ஏழாம் மாதம் என்பது ஞாபகம் வந்தது. தாளின் மூலையில் இருந்த சின்ன முத்திரையும் கண்ணில் பட்டது. பூச்சி அரிக்காமல் இருக்கச் செடியைப் பாதரச மருந்தில் நனைத்துத்தான் ஒட்டியிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. கொடிய விஷம். நான் "சார்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். வேதமூர்த்தி சார் விஷயத்தைக் கேட்டு வெளுத்துப்போனார். "மூணு இழையில எவ்வளவு இருக்கும்னு தெரியாது. தெரியாததுனாலதான் பயமா இருக்கு" என்றார். ராமலிங்கம் சார் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடைக்கு டிரங்க் கால் போட்டோம். லைன் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். பெரம்பலூர் பஸ் அப்போதுதான் போயிருந்தது.

ரோட்டில் சிமெண்ட் லாரி ஒன்று வந்தது. சார் நடுரோட்டில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் தலையை நீட்டி, "பெரியவரே, சாவணுமா?" என்றார். "சாவாம இருக்கத்தான்யா. பெரம்பலூர் போவணும், ஒரு பொண்ணு பால் குடிக்கறதுக்குள்ள போவணும்" என்றார் சார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் சார் முகத்தைப் பார்த்து, "ஏறுங்க" என்றார். போகப் போக விவரம் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மாட்டு வண்டிகளெல்லாம் தாமாகவே மண்ணில் இறங்கி வழி விட்டன. எங்களுக்கு முன்னால் கிளம்பிய பஸ்ஸைக் குன்னத்துக்குப் பக்கத்தில் தாண்டினோம். நான் முன்னால் கம்பியைப் பிடித்த பிடியில் கை மரத்துப்போயிற்று. வேண்டாத தெய்வம் இல்லை.

ராமலிங்கம் சார் வீட்டு வாசலில் லாரியையே கொண்டுபோய் நிறுத்தினார் ஓட்டுநர். உள்ளே ஓடினோம். ராமலிங்கம் சாரின் அம்மா காலி டம்ளரோடு எதிரே வந்தார். "பால் எங்கங்க? குடிச்சிட்டாங்களா?" என்றேன். "ஒரு சொட்டு மிச்சம் வெக்காம குடிச்சிட்டா" என்றார் அவர், பெருமையாக. வேதமூர்த்தி சார் சுவரைப் பிடித்துக்கொண்டார். ராமலிங்கம் சார் அறையிலிருந்து வெளியே வந்து, எங்களையும் எங்கள் மேலிருந்த சிமெண்டையும் பார்த்ததும், தான் செய்தது தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு தலையைக் குனிந்தார். "சார், அது பாதரச மருந்துல நனைச்சது" என்றேன். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அப்போது கொல்லைப்புறக் கதவருகில் அவர் மனைவி தமிழரசி நின்றுகொண்டிருந்தாள். மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நான் குடிக்கலீங்க. பால்ல பீரோ வாசம் அடிச்சுது. அத்த கோச்சுக்குவாங்கன்னு வாழ மரத்துக்கு ஊத்திட்டேன்." பீரோ வாசம் என்றது தாள்களுக்கு நடுவே நான் போட்டு வைத்திருந்த அந்துருண்டையின் நெடி. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒரு சொட்டுகூட வாயில் படவில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். ஆனாலும் லாரியிலேயே டாக்டரம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் ஓட்டுநர் தன் வழியே போனார். ராமலிங்கம் சார் டாக்டரம்மா வீட்டுப் படியில் தொப்பென்று உட்கார்ந்தார். லேபில் விஷ பாட்டில்களுக்கெல்லாம் சிவப்பு லேபிள் ஒட்டுகிற மனுஷர். "உங்களுக்குமா சார் தெரியல?" என்றேன். முகத்தை மூடிக்கொண்டு சொன்னார்: "வெளிநாட்டுச் சாமான், சுத்தமா இருக்கும்னு நெனச்சிட்டேன் மேடம்."

பேர் வைத்த நாள்

பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கிற அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் கட்டாயம் வர வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். தொட்டிலில் குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு, அப்பா நிறத்தில், கறுகறுவென்று அவ்வளவு அழகாக இருந்தது. ராமலிங்கம் சாரின் அம்மா யாரைப் பார்த்தாலும் "எங்க வூட்டு நெறம்" என்று சொல்லிச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். பாலில் இழை போட்டுக் கொடுத்ததைத் தப்பென்று அவர் ஒப்புக்கொண்டதும் இல்லை, அதைப் பற்றி மறுபடி பேசியதும் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் தமிழரசி என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போனாள். கிணற்றடியில் வாழை மரம், அதன் பக்கத்தில் புதிதாக முளைத்த கன்று. முகத்தைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல் அவள் சொன்னாள்: "மேடம், கன்னு மட்டும் நல்லா செவப்பா வந்திருக்கு பாருங்க."

விஷம்

இழை போன தாளை என்ன செய்வது என்று எனக்குக் கவலை. கிழித்துப் போட மனசு வரவில்லை, அப்படியே வைத்தால் பின்னால் பார்க்கிறவர்கள் அந்தப் பூவுக்குப் பிறவியிலேயே இழை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். வேதமூர்த்தி சார் பேனாவை எடுத்து, பூவுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினார். எந்த ஹெர்பேரியத்திலும் இப்படி ஒன்று இருக்காது என்று நினைக்கிறேன்: "இம்மூன்று இழைகளும் உள்ளூர்த் தேவைக்காக எடுத்துக்கொள்ளப்பட்டன."

கையோடு பீரோவின் மேல் பெரிய எழுத்தில் விஷம் என்று எழுதி, மண்டை ஓடும் எலும்பும் வரைந்து ஒட்டினேன். இனிமேல் யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரமே பட்டுப்புடவை கட்டின ஒரு அம்மாள் மருமகளோடு வந்தார். நான் பீரோவைக் காட்டினேன். அவர் மண்டை ஓட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்: "வெஷத்த இதுல வெச்சுட்டீங்க, சரி. பூவ எதுல வெச்சிருக்கீங்க?"

எங்கள் தொழிலில் செடியைக் காய வைப்பதெல்லாம் ஒரு வார வேலை, அதைப் பார்க்க வருகிறவர்களின் ஆசையைக் காய வைக்கத்தான் இன்னும் யாரும் ஒரு பலகை செய்யவில்லை.